வருகைப் பதிவேடு சொல்லும் காய்ச்சல் கணக்கு
(குறுவள மையக் கூட்டத்தில் பேசியது)

என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை நேரம். என் ஏழாம் வகுப்பில் ஒரே வாரத்தில் நான்கு பேர் வரவில்லை. பதிவேட்டில் குறித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு மாணவி டெங்குவுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். பார்க்கப் போனபோது அவள் அம்மா சொன்னார்: "எங்க தெருவுல முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் சார்." அந்த நால்வரும் அதே தெரு. ஒரு வாரமாக அந்தத் தகவல் என் மேசையில்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை. மாணவி குணமாகித் திரும்பினாள். ஆனாலும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

1854இல் லண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்நோ, இறந்தவர்கள் எங்கே வசித்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலான இறப்புகள் பிராட் தெருக் குழாயைச் சுற்றியே இருந்தன. செப்டம்பர் 8இல் அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் 'எங்கே' என்று கேட்க அவர் கற்றுக்கொடுத்தார்.

இப்போது நான் ஒரு தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறேன். வராத மாணவரின் தெரு, காரணம், காய்ச்சல் தொடங்கிய நாள், அவ்வளவுதான். ஒரே தெருவில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றால், அன்றே தலைமையாசிரியர் வழியாகக் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் போய்விடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாட்களே ஆகும். பிறந்த இடத்தை விட்டு அது வெகுதூரம் போவதும் இல்லை. அதனால்தான் தெருவும் தேதியும் முக்கியம்.

இரண்டு எச்சரிக்கைகள். நோயின் பெயரை நாம் சொல்லக் கூடாது; அது மருத்துவரின் வேலை. பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

சென்ற ஆண்டு இப்படித் தகவல் சொன்னதும் சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள். மூடாத சிமென்ட் தொட்டியிலும் பழைய ஆட்டுக்கல் குழியிலும் கொசுப்புழு இருந்தது. அன்றே கொட்டிக் கழுவினார்கள். அதனால்தான் காய்ச்சல் நின்றது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இந்த முறை தகவல் என் மேசையிலேயே தங்கிவிடவில்லை.

நாளை காலை பதிவேட்டைத் திறக்கும்போது, வராத பிள்ளையின் தெருவையும் ஒருமுறை கேளுங்கள்.