மருத்துவ பீடத்தின் வாசல் எங்கே இருக்கிறது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, “நீங்கள் டொக்டர்தானே, எப்படி டொக்டராக வருவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ” என்றார். அதைச் சொல்ல இன்று எத்தனையோ ரியூட்டரிகள் இருக்கின்றன. ஆகவே, வந்திருக்க வேண்டியவர்கள் ஏன் வராமல் போகிறார்கள் என்பதைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அவரும் சம்மதித்தார். நான் சொல்லப்போவதில் சில பகுதிகள் விழா மேடைக்கு அவ்வளவு பொருத்தமாக இராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு விளக்கேற்றிப் படித்த பரம்பரை நாங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் திரும்பி வந்தபோது, ஆய்வுகூடத்தில் அலுமாரிகள் மட்டும்தான் மிச்சம். பியூரெட்டை ரீச்சர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அப்போது உயர்தர உயிரியல் பிரிவுக்குத் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நான்கு பாடங்கள். மொத்தப் புள்ளி 400.

எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு தோழி இருந்தாள். தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து, உறவினர் ஒருவரின் காணிக்குள் கொட்டில் போட்டு இருந்த குடும்பம். அவளுடைய ஐயா கடலுக்குப் போக முடியாமல் கூலி வேலை செய்தார். பௌதிகவியல் கணக்கை நான் அவளிடம் கேட்டுத்தான் விளங்கிக்கொள்வேன். ரியூசனுக்குப் போன நாட்களில் நான் எழுதி வந்த குறிப்பை அவள் இரவிரவாகப் பார்த்தெழுதுவாள்.

முதல் தடவை பரீட்சை எழுதினோம். இரண்டு பேருக்கும் மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. வெட்டுப்புள்ளிக்கு அவள்தான் கிட்ட நின்றாள். என்னைவிட நான்கு புள்ளி கூட.

என்னுடைய அப்பா ஆசிரியர். அம்மா கச்சேரியில் எழுதுவினைஞர். “இன்னொருமுறை எடு பிள்ளை, ஒரு வருடம்தானே” என்றார்கள். எங்கள் வீட்டுக்கு அது ஒரு வருடம்தான். அவளுடைய வீட்டில் மூன்று தம்பி தங்கைகளின் சாப்பாடு அது. அவள் தொண்டர் ஆசிரியையாக ஒரு கிராமப் பாடசாலைக்குப் போனாள். நான் இரண்டாம் தடவை எழுதி மருத்துவ பீடத்துக்குப் போனேன். இந்த மண்டபத்துக் கௌரவப் பலகையில் என் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை.

இதை ஒரு சோகக் கதையாக நான் சொல்லவில்லை. அவள் இன்று சிறந்த விஞ்ஞான ஆசிரியை. ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மூளையிலோ முயற்சியிலோ இல்லை. ஒரு வருடச் செலவில் இருந்தது. இருபத்தைந்து வருடமாக இது என் மனதை விட்டுப் போகவில்லை.

இந்த நாட்டில் படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லையே, பிறகென்ன என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 1945 இல் கன்னங்கராவின் காலத்தில் வந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருந்திருக்க மாட்டோம். அரச மருத்துவ பீடத்தில் இன்றும் கட்டணம் இல்லை. அனுமதியிலும் பின்தங்கிய இடங்களைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். மருத்துவத்துக்கு ஏறத்தாழ 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் சனத்தொகைக்கேற்ப 25 மாவட்டங்களுக்கு. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, மன்னார், முல்லைத்தீவு ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் அந்தப் பதினாறில் ஒன்று.

தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே மூத்த அக்காமாரின் முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். மாறத்தான் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளி என்று வைத்தது அநீதி. அந்த அநீதி எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஒரு மாதிரியும், மன்னாரிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வேறு மாதிரியும் பேசுவார்கள். என்னோடு படித்தவர்களில் அந்த ஒதுக்கீட்டால் வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் இன்று தங்கள் ஊர்களில் நோயாளரைப் பார்க்கிறார்கள். நாங்கள் இழந்ததை மறக்காமலே, அவர்கள் பெற்றதையும் ஏற்றுக்கொள்ள எங்களால் முடியவேண்டும்.

மாவட்ட ஒதுக்கீட்டின் குறை வேறொன்று. அதற்கு மாவட்டம் மட்டும்தான் தெரியும். யாழ் நகரத்தில் மூன்று ரியூட்டரிக்குப் போகும் பிள்ளையும், வடமராட்சி கிழக்கில் காலை ஒரே ஒரு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளையும் அதன் கணக்கில் ஒரே மாவட்டம். இருவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. நானும் என் தோழியும் அப்படித்தான் இருந்தோம். பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் கிடைக்கும் சலுகையை, அந்த மாவட்டத்தில் பின்தங்காத வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். நான் எடுத்துக்கொண்டேன்.

இனி எங்கள் பாடசாலைக்கு வருகிறேன்.

நான் குடாநாட்டில் ஓர் ஆதார வைத்தியசாலையில் பொது வைத்திய நிபுணராக இருக்கிறேன். அண்மையில் நீரிழிவுக் காயத்தோடு ஒரு தாய் என் விடுதியில் இருந்தார். கருவாடு காயப்போடும் வேலை. பார்க்க வந்த மகள் சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தவள் என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். “என்ன செய்யப் போறீங்கள்?” என்று கேட்டேன். “ஆர்ட்ஸ், டொக்டர்” என்றாள். அவளுடைய பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. நகரத்தில் ஒரு பெரிய பாடசாலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கே இடம் காணாது என்று பதில் வந்ததாம். விடுதிக் கட்டணத்தைக் கேட்டபிறகு தாய் இரண்டாவது முறை போகவில்லை.

அந்தப் பாடசாலை எது என்று நான் சொல்லப்போவதில்லை. எங்களைப் போன்ற ஒரு பாடசாலை. அதுவே போதும்.

மருத்துவ பீடத்தின் வாசல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறோம். வைத்தியராகும் கனவு தரம் 12 அனுமதியிலேயே, அதிபர் அலுவலகத்தின் வாங்கிலேயே பலருக்கு முடிந்துவிடுகிறது. அந்த வாசல் எங்கள் கையில் இருக்கிறது. அதைத் திறக்க அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை.

வெளிநாட்டு அக்காமாருக்கு இது புதிதல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரி 2001 இலிருந்து ஒரு திட்டம் நடத்துகிறது. வசதி குறைந்த பின்னணியிலிருந்து அரச பாடசாலைகளில் படித்தவர்களைச் சற்றுக் குறைந்த பெறுபேற்றோடு மருத்துவத்துக்கு எடுத்து, 5 வருடப் படிப்பை 6 வருடமாக்கி, கூடுதல் துணையோடு படிப்பிக்கிறார்கள். இறுதிப் பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான். கிராமப் பின்னணி உள்ள மாணவரைச் சேர்த்தால் அவர்கள் கிராமங்களில் பணிசெய்யும் வாய்ப்பு அதிகம் என்பதால், உலக சுகாதார நிறுவனமும் 2010 இலிருந்து அதைப் பரிந்துரைத்து வருகிறது. இடமாற்றப் பட்டியல் வரும்போதெல்லாம் தூரத்து வைத்தியசாலைகளுக்கு ஆள் தேடி அலையும் எங்களுக்கு அதன் அருமை தெரியும்.

சங்கத்திடம் நான் மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, தரம் 12 உயிரியல், கணிதப் பிரிவுகளில் வருடம் பத்து இடம். விஞ்ஞானப் பிரிவு இல்லாத தீவக, வடமராட்சி கிழக்குப் பாடசாலைகளில் படித்த பிள்ளைகளுக்கு. விடுதிச் செலவு முழுவதும் சங்கத்தினுடையது. எங்கள் மாவட்டத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உயர்தரத்துக்காக வேறு மாவட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு ஒதுக்கீட்டு மாவட்டமே மாறிவிடக்கூடும். உதவி செய்யப்போய் அவளுக்கு உபத்திரவம் செய்துவிடக்கூடாது.

இரண்டாவது, இரண்டாம் தடவைக்கான நிதி. உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்பது சட்டம். ஆனால் வசதி உள்ள வீட்டுக்குத்தான் அந்தச் சட்டம் பயன்படுகிறது. கிட்ட வந்து தவறிய பிள்ளைக்கு ஒரு வருடம் வீட்டுக்கும் படிப்புக்குமாகக் கொடுப்போம். என் தோழிக்கு அப்போது தேவைப்பட்டது அவ்வளவுதான்.

மூன்றாவது, ஆங்கிலம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார்; பாட நூல்களையும் தமிழில் ஆக்கினார். இன்றைய மருத்துவ பீடங்களில் எல்லாமே ஆங்கிலத்தில்தான். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை, முதல் வாரமே உடற்கூற்றியல் விரிவுரையில் ஒரு வசனமும் விளங்காமல் விடுதிக்கு வந்து அழுவாள். நானும் அழுதேன். பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் பல மாதங்கள் வீணாகக் கழிகின்றன. ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருக்கும் வைத்தியர், தாதி, ஆசிரியை எவரும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சூமில் கற்பிக்கலாம். இதற்குக் காசுகூடத் தேவையில்லை.

பெறுபேற்று வீதம் குறைந்துவிடுமே என்று ஆசிரியைகள் கவலைப்படலாம். முதல் இரண்டு வருடம் குறையலாம். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் நூறு வருடத்துக்கு முன் இந்தப் பாடசாலையைத் தொடங்கியவர்கள் படிப்பு மறுக்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினார்கள். வீதம் பார்த்து அவர்கள் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. வருகிற பத்துப் பேரும் டொக்டராக வேண்டும் என்றும் இல்லை. ஒருத்தி ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வந்தாலும், இன்னொருத்தி விஞ்ஞான ஆசிரியையாக வந்தாலும், அது அந்த ஊருக்குப் பெரிய காரியம்.

நூற்றாண்டு நினைவாகப் புதிய மண்டபம் கட்டுவதா என்று சங்கத்தில் ஆலோசிக்கிறீர்கள். எனக்கும் மண்டபம் பிடிக்கும். அதற்கு முதல் இந்தப் பத்து இடங்களையும் விடுதிக் கட்டில்களையும் யோசியுங்கள் என்றுதான் கேட்கிறேன். முதல் வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளின் விடுதிச் செலவு என்னுடையது.

கடைசியாக ஒன்று. என் தோழியிடம் இந்த உரையைப் பற்றிச் சொன்னபோது, தன்னைப் பற்றிப் பேசுவதற்கு அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். “என் பெயரைச் சொல்லாதை. என்ரை வகுப்பிலை ஒரு பிள்ளை இருக்கு. வாற வருடம் ஓ.எல். எடுக்குது. அவவுக்கு உங்கடை பள்ளிக்கூடத்திலை பயோவுக்கு இடம் கிடைக்குமோ என்று கேட்டுச் சொல்லு” என்றாள். “உங்கடை பள்ளிக்கூடம்” என்று அவள் சொன்னது எனக்குச் சுட்டது. அது அவளுடைய பள்ளிக்கூடமும்தானே.

அதிபர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அந்தப் பிள்ளைக்கு இடம் உண்டா? அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.