விண்ணிலும் ஒரு வியாபாரம்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நூலும் பேண்டேஜ் துணியும் பால்கோவாவும் விற்று வாழும் மண்ணில் செயற்கைக்கோளைப் பற்றிப் பேசுகிறேனே என்று வியக்காதீர்கள். அதுவும் இன்று ஒரு வியாபாரம்தான்.

கர்நாடகத்தில் சிக்மகளூர் அருகே ஆல்தூரைச் சேர்ந்தவர் அவைஸ் அஹ்மத். பிலானியில் படிக்கும்போதே, 2019-ல், சக மாணவர் க்ஷிதிஜ் கண்டேல்வாலுடன் சேர்ந்து 'பிக்ஸல்' நிறுவனத்தைத் தொடங்கினார். விண்வெளித் துறையை அரசு தனியாருக்குத் திறந்துவிட்டதே 2020-ல்தான்!

சாதாரணக் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களில் பார்க்கும். இவர்களின் கோள் ஒளியை நூற்றுக்கும் மேற்பட்ட கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும். இலை மஞ்சளாகும் முன்பே பயிரின் வாட்டத்தைக் காட்டிக் கொடுக்கும். நம் மலையடிவார மாந்தோப்புக்கும் பருத்திக்கும் இது பயன்படாதா?

ஆனால் எளிதில் வென்றார்களா? 2021 பிப்ரவரியில் செல்லவிருந்த கோள், மென்பொருள் கோளாறால் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் 'சகுந்தலா', நவம்பரில் 'ஆனந்த்', 2025 ஜனவரியில் மேலும் மூன்று என்று அடுத்தடுத்து விண்ணேறின.

வியாபாரிகளே, சிந்தியுங்கள்! அந்தக் காத்திருப்புக் காலத்தில் மாதாமாதம் வட்டி கட்டச் சொல்லியிருந்தால் அந்தக் கம்பெனி எழுந்திருக்குமா? முதல் போட்டவர்கள் பங்குதாரர்களாக வந்தார்கள். இலாபம் வந்தால் பங்கு. நட்டம் வந்தால் போட்ட முதல் போயிற்று.

இது நமக்குப் புதிதா? கதீஜா (ரலி) அவர்களின் முதலில் நபி (ஸல்) அவர்கள் வாணிபம் செய்யவில்லையா? ஒருவர் முதல், ஒருவர் உழைப்பு என்ற 'முளாரபா' நம் மார்க்கம் காட்டிய வழியல்லவா? நம்மிடம் இருந்த முறையை நாம் மறந்தோம். ஒரு நாள் கல்யாணத்துக்கு லட்சங்களைக் கொட்டுகிறோம். பட்டம் பெற்ற மகனுக்கு விசா தேடுகிறோம்!

ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்து வியாபாரிகள் சேருங்கள். நட்டமானாலும் குடும்பம் தாங்கும் அளவு மட்டும் போடுங்கள். திறமையுள்ள ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுங்கள். கடனையே எழுதி வைக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (2:282). பங்குத் தொழிலையும் எழுதியே செய்யுங்கள்.

இளைஞர்களே! நம் தென்கோடியில், குலசேகரன்பட்டினத்தில், ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கணிதமும் கணினியும் கசடறக் கற்றுக் கொள்ளுங்கள். முதலை நம்பித் தருபவரிடம் கணக்கை ஒளிக்காதீர்கள், அமானிதம் பேணுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.