தலைமன்னாரில் இருந்து வீட்டுக்கு: 100 கிலோமீட்டருக்கு 800 கிலோமீட்டர்

டிசம்பர் லீவு முடிஞ்சு எல்லாரும் வேலைக்குத் திரும்பியிருப்பீங்க. சிலர் இன்னும் பெட்டியில இருந்து துணியைக்கூட எடுத்திருக்க மாட்டீங்க. நானும் அப்படித்தான்.

இந்தத் தடவை நான் பத்து நாள் இலங்கைக்குப் போயிருந்தேன். கொழும்பு, யாழ்ப்பாணம், கடைசியா மன்னார். எங்க தங்கலாம், என்ன சாப்பிடலாம்னு கேட்டு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. அதுக்குத் தனியா ஒரு எபிசோட் போடுறேன். இன்னைக்குப் பேசப்போறது திரும்பி வந்த அந்த ஒரு நாளைப் பத்தி மட்டும்தான்.

என் ஊர் திருப்பாலைக்குடி. இராமநாதபுரத்துல இருந்து தேவிபட்டினம் தாண்டி, தொண்டி போற கிழக்குக் கடற்கரைச் சாலையில வரும். பாக் நீரிணைக் கரை. அப்பா நாட்டுப்படகுல நண்டு வலைக்குப் போறவர். சித்தப்பா இராமேஸ்வரத்துல விசைப்படகுல கூலிக்குப் போறவர். நான் சென்னையில லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் தலைமன்னார் பழைய இறங்குதுறைக்குப் போனேன். அங்க இருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர். எங்க ஊரே நேர்க்கோட்டுல பார்த்தா 100 கிலோமீட்டர் பக்கம்தான். அப்பாவுக்கு போன் போட்டு, "எதிர்த்தாப்புலதான் நிக்கிறேன்"னு சொன்னேன். "அப்ப நீந்தி வா"ன்னார்.

ஒரு காலத்துல நீந்த வேண்டிய அவசியமே இல்ல. 1914 பிப்ரவரியில பாம்பன் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூர்ல ஒரே டிக்கெட் எடுத்து கொழும்பு வரைக்கும் போகலாம். தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்க இருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், இறங்கினதும் கொழும்புக்கு மறுபடி ரயில். அதுதான் போட் மெயில். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியும் ரயில் பாதையும் அழிஞ்ச பிறகு, கப்பல் இராமேஸ்வரத்துல இருந்து ஓடுச்சு. 1980கள்ல அந்தப் பக்கம் போர் தொடங்கினதும் அதுவும் நின்னுபோச்சு. இராமேஸ்வரம் ரயிலை இன்னைக்கும் நாம போட் மெயில்னுதான் சொல்றோம். போட் மட்டும் இல்ல.

"நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டாங்களே?"ன்னு கேட்பீங்க. ஆமா, 2023 அக்டோபர்ல தொடங்குனாங்க. நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஓடுச்சு. ஆனா வடகிழக்குப் பருவமழையில கடல் கொந்தளிப்பா இருந்தா நிறுத்திடுவாங்க. நான் போன சமயம் ஓடலை.

அதனால என் வழி இதுதான். தலைமன்னார்ல இருந்து பஸ்ல தெற்கே கட்டுநாயக்க விமான நிலையம். அங்க இருந்து மதுரைக்கு ஃப்ளைட். மதுரையில இருந்து இராமநாதபுரம். அப்புறம் ஊர் பஸ். கூட்டிப் பார்த்தா 800 கிலோமீட்டர் பக்கத்துல வருது, 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்கு!

இதை ஒரு ஜோக்காத்தான் சொல்லிட்டு இருந்தேன், அந்த இறங்குதுறையில ஒரு பெரியவரைப் பார்க்கிற வரைக்கும். வலை பின்னிட்டு இருந்தார். "தம்பி எந்த ஊர்?"னார். சொன்னேன். கையில இருந்த ஊசியை அப்படியே நிறுத்திட்டார்.

"உங்கட பக்கத்து ஆக்களைப் பற்றி நான் ஒண்டு சொல்லலாமோ?"

சொல்லுங்கன்னேன்.

"இரவு வலை போட்டிட்டு வந்தனாங்கள். விடியப் போய்ப் பார்த்தால் வலை இல்லை. இழுவைப் படகு அள்ளிக்கொண்டு போட்டுது. சண்டைக் காலத்தில கடலுக்கே போக விடேல்ல. இப்ப போகலாம், வலை மிஞ்சுதில்லை. ஊருக்குப் போனால் ஒருக்காச் சொல்லுங்கோ. மீன் பிடிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல, மடி இழுக்க வேண்டாம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

கோபமா சொல்லலை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. பதில் என்கிட்ட இல்ல. டீ வாங்கிக் கொடுத்தார், குடிச்சுட்டு வந்துட்டேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இழுவை மடிங்கிறது கடலோட அடித்தரையை அரிச்சுக்கிட்டே போற வலை. மீன், குஞ்சு, கடல்புல், குறுக்க இருக்கிற அடுத்தவர் வலை, எதையும் பார்க்காது. இலங்கையில 2017ல சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க. இரண்டு நாட்டுக்கும் நடுவுல கடல் எல்லைக் கோடு 1974, 1976 ஒப்பந்தங்கள்ல போட்டது. நம்ம பக்கத்து விசைப்படகுகள் அதைத் தாண்டிப் போறதும், அங்க கைது பண்றதும், படகைப் பிடிச்சு வைக்கிறதும் நீங்க நியூஸ்ல பார்க்கிறதுதான். நியூஸ்ல அந்தப் பெரியவர் மட்டும் வர மாட்டார்.

மறுநாள் பஸ்ல அவர் சொன்னதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். ஃப்ளைட்ல ஜன்னல் சீட் கேட்டு வாங்கினேன், மேல இருந்து நம்ம கடலைப் பார்க்கலாம்னு. வெறும் மேகம். ஒரு மணி நேரத்துல மதுரை. ஊர் பஸ்ல இருந்து இறங்கும்போது இருட்டிடுச்சு.

பெட்டியைப் பிரிச்சு அம்மாகிட்ட யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியைக் கொடுத்தேன். ஒரு கடி கடிச்சுட்டு, "ஏன்டா, நம்ம கருப்பட்டியை வாங்கவா ஃப்ளைட்டு ஏறிப் போன?"ன்னாங்க.

சாப்பிட்டு முடிச்சதும் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். அப்பாவும் சித்தப்பாவும் ரெண்டு பேரும் இருந்தாங்க.

அப்பா உடனே தலையாட்டினார். "இதைத்தானே நான் இத்தனை வருஷமா சொல்றேன்"ன்னார். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எங்க பக்கம் விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு தப்புற ராத்திரியில அப்பாவோட நண்டு வலையும் இப்படித்தான் போகும். அப்பாவும் தலைமன்னார் பெரியவரும் பார்த்ததே இல்ல. ஆனா ரெண்டு பேர் புகாரும் ஒண்ணு.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார், "கட்டுநாயக்கவுலயா ஏறுன?"

ஆமான்னேன்.

"நானும் அங்கதான் ஏறுனேன்."

மறந்தே போயிருந்தேன் மக்களே. சித்தப்பா ஒரு தடவை அந்தப் பக்கம் பிடிபட்டு, ரெண்டு மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்தவர். விடுதலை ஆகிறவங்களைக் கடல் வழியா அனுப்ப மாட்டாங்க. கொழும்புல இருந்து சென்னைக்கு ஃப்ளைட், அங்க இருந்து மீன்வளத்துறை வண்டியில ஊர். அவர் வாழ்க்கையில ஏறின ஒரே ஃப்ளைட் அதுதான். கால்ல செருப்புகூட இல்லாம ஏறினாராம். என் டூர் முடிஞ்ச அதே ஏர்போர்ட்.

"படகு என்னோடது இல்லடா. மடி போடச் சொன்னா போடுவேன். இந்தப் பக்கம் இழுத்தா டீசல் காசுகூடத் தேறாது. போகலைன்னா அடுத்த ஆளு போவான்"ன்னார். அப்புறம், கொஞ்சம் மெதுவா, "அந்தப் பெரியவர் வலை என்ன வலை, நண்டு வலையா?"ன்னு கேட்டார்.

"தெரியலை, கேட்கலை"ன்னேன். "கேட்டிருக்கணும்ல"ன்னார்.

இதுக்குத் தீர்வு என்னன்னு இந்த மைக் முன்னாடி உட்கார்ந்து சொல்ல எனக்குத் தகுதி இல்ல. சித்தப்பா கடனும் நிஜம், பெரியவர் வலையும் நிஜம். ஆனா ஒண்ணு சொல்லலாம். ரெண்டு கரையும் நேர்ல பேசிக்கிற இடங்கள் ரொம்பக் குறைவு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா அதுல ஒண்ணு. பிப்ரவரி, மார்ச் பக்கம் வரும். பேர் பதிஞ்சா பாஸ்போர்ட் இல்லாமலே ரெண்டு பக்கத்து ஆட்களும் வரலாம்.

"பேர் கொடுத்து உன் சித்தப்பனையும் கூட்டிட்டுப் போ. அந்தப் பக்கத்து ஆளுங்ககிட்ட நேர்ல கேட்கட்டும்"னு அப்பா சொல்லியிருக்கார். சித்தப்பா சரின்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. போனா, வந்து சொல்றேன்.

உங்க ஊர்லயும் இப்படிப் பக்கத்துல இருந்தும் சுத்திப் போக வேண்டிய இடம் இருந்தா, எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.