கைநாட்டு

(மார்க்கையன்கோட்டையில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நடந்த தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'புதிய தொழில்நுட்பமும் நாமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டு, வங்கித் தேர்வு எழுதி, கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற கிளார்க்கு. ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். பெரிய பெரிய விசயமெல்லாம் எனக்குப் பேச வராது. ஒரு விரலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன். கட்டைவிரல்.

நான் வேலை பார்க்கிற கிளை இந்த ஊரில் இல்லை. எந்த வங்கி, எந்த ஊர் என்பதை விட்டுவிடுங்கள். போன வருசம் ஒரு திங்கட்கிழமை. கூட்டம் வாசல் வரைக்கும் நிற்கிறது. சின்னத் தொகை எடுக்க வருகிறவர்களைச் சலான் எழுத விடாமல் கைரேகை மிஷினுக்கு அனுப்புவது எங்கள் கிளையில் பழக்கம். ஒரு பெரியம்மா வந்தார். நிஜமாகவே எனக்குப் பெரியம்மா முறைதான். எங்கள் தெருவிலிருந்து அந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவர். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, கம்பம்மெட்டு ஏறி, மலையில் ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டின பிறகு வீடு வந்து சேர்கிறவர். முப்பது வருசமாக இதுதான் பிழைப்பு.

மிஷினில் விரலை வைத்தார். பொருந்தவில்லை என்று வந்தது. "தொடச்சுட்டு வைங்க பெரியம்மா" என்றேன். முந்தானையில் துடைத்து வைத்தார். பொருந்தவில்லை. பின்னால் நின்ற ஒருத்தர், "தலமுடியில தேச்சுட்டு வையி, எண்ணப்பசைக்கு எடுக்கும்" என்றார். தேய்த்து வைத்தார். பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏய்யா, இது என் கையிதானய்யா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சர்வர் சரியில்ல பெரியம்மா, நாளைக்கு வாங்க" என்றேன்.

பொய். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. நாளைக்கு வா என்றால் நாளைக்கு ஜீப் கிடையாது, ஒருநாள் கூலி போச்சு என்பது எனக்குத் தெரியும். சலான் எழுதி, கைநாட்டு வாங்கி, அதிகாரியிடம் காட்டிப் பணம் கொடுத்திருக்கலாம். பத்து நிமிசம் ஆகியிருக்கும். கூட்டம் நிற்கிறது என்று செய்யவில்லை. இந்த மேடையில் அம்பேத்கர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவரைத் திருப்பி அனுப்பியது மிஷின் மட்டும் இல்லை. நானுந்தான்.

அந்த மிஷின் என்ன செய்கிறது? விரல் நுனியில் மேடும் பள்ளமுமாக ஓடுகிற கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே ரெண்டாகப் பிரிகின்றன என்று புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. மறுபடி விரல் வைக்கும்போது அந்தப் புள்ளிகள் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. அவ்வளவுதான். ஏலக்காய் எடுத்துத் தேய்ந்த விரலில் மேடு ஏது, பள்ளம் ஏது? வாழைக்கறை ஏறிய விரலில், சிமெண்டு குழைத்த விரலில், பிளீச்சிங் பவுடர் அள்ளிய விரலில் கோடு எங்கே இருக்கும்? என் விரலில் ரேகை பளிச்சென்று இருக்கிறது. பேனாவும் ரூபாய் நோட்டும் தவிர வேறெதையும் தொடாத விரல்.

மிஷினுக்குச் சாதி தெரியாது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தெரிய வேண்டாமய்யா. மிஷினுக்கு உழைப்புத் தெரிகிறது. இந்த நாட்டில் எந்த உழைப்பு யார் தலையில் விழும் என்பதை மிஷின் வருவதற்கு முன்னாலேயே பிறப்பை வைத்துத் தீர்மானித்து முடித்துவிட்டார்கள். மண்ணைத் தொட்டவன், மலத்தைத் தொட்டவன், தோலைத் தொட்டவன் விரலைத்தான் 'தெரியவில்லை' என்று அது தள்ளுகிறது.

'கைநாட்டு' என்ற சொல் நமக்குப் புதுசில்லை. "போடா கைநாட்டு" என்றால் வசவு. பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தியதும் அவர்கள்தான், எழுதத் தெரியாதவன் என்று ஏசியதும் அவர்கள்தான். நம் தாத்தாமார் வைத்த கைநாட்டை வைத்துத்தான் கடன்பத்திரத்தில் வட்டி ஏறியது, நிலம் கைமாறியது.

இந்தக் கைநாட்டுக்கு ஒரு ஆட்சி வரலாறும் இருக்கிறது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒப்பந்தக்காரன் பின்னால் மறுத்துப் பேசிவிடக் கூடாதென்று அவனுடைய முழு உள்ளங்கையையும் தாளில் பதித்து வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் திறந்தார்கள். அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற ரெண்டு இந்தியர்கள்தான் ரேகைகளை வகைபிரிக்கிற முறையை அங்கே உருவாக்கினார்கள்; பெயர் வெள்ளைக்கார அதிகாரிக்குப் போனது. பிறகு அது நம் பக்கம் வந்தது. 1911ஆம் வருசத்துக் குற்றப் பழங்குடியினர் சட்டத்தை மதுரைச் சீமையில் 'கைரேகைச் சட்டம்' என்றுதான் இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்றதற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அவர்கள் கள்ளர் சமூகத்தார். அந்தச் சமூகத்துக்கும் நமக்கும் ஊர்களில் என்ன நடக்கிறது என்பது தனிப் பேச்சு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு மனுசனுடைய விரலை வாங்கி வைத்துக்கொள்கிற அதிகாரம் எப்படிப்பட்டது என்பது இந்த மண்ணுக்குத் தெரியும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2016 நவம்பர் 8 ராத்திரி அய்நூறு, ஆயிரம் செல்லாது என்றார்கள். ஏடிஎம் வாசலில் நாடே நின்றது. அந்தச் சூடு ஆறுவதற்குள், டிசம்பர் 30 அன்று டெல்லியில் பணம் அனுப்புகிற ஒரு செயலியை வெளியிட்டார்கள். பெயர் 'பீம்'. பாபாசாகேப் பெயரை வைத்திருக்கிறோம் என்று பிரதமர் சொன்னார். படிக்காதவனைக் கைநாட்டு என்று சொன்ன காலம் போய்விட்டது, இனிமேல் கட்டைவிரல்தான் உங்கள் வங்கி, கட்டைவிரல்தான் உங்கள் அடையாளம் என்ற பொருளிலும் அதே மேடையில் பேசினார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வசவுச் சொல்லைப் பெருமையாக மாற்றுவது நமக்கும் பிடித்த வேலைதான். 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்ட மனுசரின் பெயர் பணச் செயலிக்கு வந்ததில் எனக்கும் உள்ளூரச் சந்தோசம். ஆனால் பெரியம்மாவின் கட்டைவிரல் வங்கி ஆகவில்லையே? கையெழுத்துத் தெரியாதவள் என்று முன்னே சொன்னார்கள். கைரேகையும் இல்லாதவள் என்று இப்போது சொல்கிறார்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2018இல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்து அடுத்தவர் கைரேகையை எடுத்து, ரப்பரில் விரல் செய்து, சிம் கார்டுகளை இயக்கியதாக ஒருத்தரைப் பிடித்தார்கள். ரப்பர் விரலுக்குத் திறக்கிற கதவு ரத்தமும் சதையுமான விரலுக்குத் திறக்கவில்லை.

இப்படிச் சொல்வதால் தொழில்நுட்பமே வேண்டாம், பழைய காலம் பொற்காலம் என்று பேசுகிறேன் என நினைக்க வேண்டாம். பழைய காலம் நமக்கு எப்படி இருந்தது? கூலியைத் திண்ணையிலிருந்து எறிவார்கள், குனிந்து பொறுக்க வேண்டும். கடையில் மிச்சக் காசை மேலேயிருந்து கையில் போடுவார்கள், விரல் பட்டுவிடக் கூடாது. கிராமத்துக்குத் திரும்பு, ராட்டையைச் சுற்று என்றவர்களுக்கு 1945இலேயே அம்பேத்கர் பதில் எழுதிவிட்டார். இயந்திரம்தான் மனுசனுக்கு ஓய்வு தரும், ஓய்வு இருந்தால்தான் அறிவும் பண்பாடும் வளரும், கோளாறு இயந்திரத்தில் இல்லை, அதை வைத்திருக்கிற சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். பெரியார் 'இனிவரும் உலகம்' என்று எழுதும்போது ஒவ்வொருத்தர் சட்டைப்பையிலும் கம்பியில்லாத் தந்தி இருக்கும் என்றார். இன்று அது எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது.

நமக்கு லாபமும் வந்திருக்கிறது. திருப்பூரிலிருந்து மகன் அனுப்புகிற காசு அடுத்த நொடி அம்மா கணக்குக்கு வருகிறது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் பெண்கள் கணக்கில் ஏறியது. டீக்கடையில் நாமும் ஸ்கேன் பண்ணுகிறோம், அந்தப் பெட்டி எல்லாருக்கும் ஒரே குரலில்தான் கத்துகிறது. ஆனால் இதையும் யோசியுங்கள். கை படாமல் காசு வாங்க ஆசைப்பட்டவனுக்கு இது எவ்வளவு வசதி! இரட்டைக் குவளையைப் பேப்பர் கப் மறைத்த மாதிரி, மேலேயிருந்து காசு போட்ட கையை இந்தக் கட்டம் போட்ட அட்டை மறைத்துக்கொண்டது. தீண்டாமை போய்விட்டதா, தொடவேண்டிய அவசியம் போய்விட்டதா? நாம்தான் கேட்கணும்.

போன் வந்தால் சாதி போகும் என்றார்கள். 2015 மே மாதம் ஷீரடியில் சாகர் ஷேஜ்வால் என்ற தலித் இளைஞன், நர்சிங் படித்துக்கொண்டிருந்தவன், அடித்துக் கொல்லப்பட்டான். செல்போனில் அம்பேத்கர் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்ததுதான் சண்டைக்குக் காரணம் என்று செய்தி வந்தது. போன் எல்லாருக்கும் ஒன்றுதான் தோழர்களே. அதிலிருந்து எந்தக் குரல் வரலாம் என்பதை ஊர் தீர்மானிக்கிறது.

விரல் மட்டும்தான் பிரச்சினையா? நம்ம ஊர் பேரூராட்சி. அதனால் நூறு நாள் வேலை இங்கே இருந்ததில்லை. ஆனால் சின்னமனூர் ஒன்றியத்து ஊராட்சிகளில் நம் சொந்தக்காரர்கள் செய்தார்கள். அங்கே 2023 ஜனவரி 1 முதல் ஒரு செயலியில் காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம் பிடித்து ஏற்றினால்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் வெட்டிய மண் கணக்கில் வருமா? திருட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சகமே, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று சுற்றறிக்கை விட்டது. திருடுகிறவன் வழி கண்டுபிடித்துக்கொண்டான். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டமே நிறைவேற்றிவிட்டார்கள்.

2017 செப்டம்பர் 28. ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் சந்தோசி குமாரி, 11 வயசு. ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேசன் கார்டு நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டே செத்தாள் என்று தாய் சொன்னார். பட்டினி இல்லை, நோய் என்று அரசு சொன்னது. அடுத்த மாதம் 24ஆம் தேதி ஆதார் ஆணையமே சுற்றறிக்கை விட்டது: ஆதார் இல்லையென்றோ, ரேகை பொருந்தவில்லையென்றோ யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது, வேறு அடையாளம் பார்த்துக் கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று. ஒரு குழந்தை போன பிறகு வந்த தாள் அது. அந்தத் தாள் நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கேதான் மாணவத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. ரீல்ஸ் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே தெருவுக்கு ரெண்டு பேர் இதையும் செய்யுங்கள். 'சர்வர் இல்ல, நாளைக்கு வா' என்று யார் சொன்னாலும், "அதை எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். எழுதிக் கொடு என்றால் பாதி சர்வர் உடனே சரியாகிவிடும். நான் உள்ளே இருந்து பார்க்கிறவன், சொல்கிறேன். எழுந்து நடமாட முடியாத முதியவர், நோயாளி என்றால் கைநாட்டோ கால்விரல் ரேகையோ போதும், ரெண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருத்தர் வங்கி அதிகாரியாக இருக்கணும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று காசு பிடிக்கிறார்களா? அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள், அதில் இருப்பு வைக்க வேண்டியதே இல்லை. பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பதிவு போட்டு வாங்குங்கள். ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்து யாரிடமும் கொடுக்காதீர்கள், எனக்கே கொடுக்காதீர்கள்.

மிஷினைக் கும்பிடவும் வேண்டாம், பயந்து ஓடவும் வேண்டாம். மிஷின் தோற்றால் அது மிஷினுடைய தோல்வி. அதைக் கொண்டுவந்தவன் வேறு வழி காட்ட வேண்டும். பெரியம்மா ஏன் தன் கையையே சந்தேகப்படணும்?

மறுநாள் அவர் வரவில்லை. மலைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் வந்தார். நானே சலான் எழுதினேன். மைப்பெட்டியை நீட்டினேன். கட்டைவிரலை அழுத்தி வைத்தார். தாளில் விழுந்தது நீலமாக ஒரு வட்டம், உள்ளே கோடு ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. அதற்குக் கீழே சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன். பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "இதப் போன வாரமே செஞ்சிருக்கலாமுல்லய்யா" என்றார்.

செய்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஜெய்பீம்.