யானைக்கால் நோயும் நமது கடமையும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராம மக்கள் கூடிய சுகாதாரக் கூட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் நிகழ்த்திய உரை)



யானைக்கால் நோயால் கால் வீங்கியவர்களுக்குப் பணி செய்வது என் தொழில். வீங்கிய காலோடு ஒருவர் எவ்வாறு உழைத்து மானத்துடன் வாழ இயலும் என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

ஏரித் தண்ணீரைக் குடித்ததால் இந்நோய் வந்தது என்பார் சிலர். முன்வினைப் பயன் என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மையல்ல. நூல் போன்ற ஒருவகைப் புழுவே இதற்குக் காரணம். அது கொசுவின் உடலில் வளர்வதை 1877-ஆம் ஆண்டில் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். நம் பகுதியில் இதைப் பரப்பிய கியூலெக்ஸ் கொசு, சாக்கடையிலும் மலக்குழியிலும் பாழுங்கிணற்றிலும் தேங்கும் அழுக்கு நீரில் பெருகுவது.

நம் நாட்டில் 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1975-இல் புதுச்சேரியில் கொசு முதலிய நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அந்நிலையத்தார் 1981 முதல் ஐந்தாண்டுகள், பள்ளங்களை மூடியும், சாக்கடைகளைச் சீர்படுத்தியும், கொசுப் புழுவைத் தின்னும் மீன்களை விட்டும் புதுச்சேரியில் பணியாற்றினர். 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களிலெல்லாம் ஆண்டுக்கொரு முறை மாத்திரை வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவற்றின் பயனாகப் புதிதாக நோய் பற்றுவது இங்கே வெகுவாகக் குறைந்தது. ஆயினும், அம்மாத்திரை ஏற்கெனவே வீங்கிய காலை வடியச் செய்வதில்லை. அத்தகையோரைக் கவனிக்கும் பொறுப்பு நம்மிடம் எஞ்சியிருக்கிறது.

வயலுக்குப் பாய்ச்சு வாய்க்கால் போலவே வடிகாலும் வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் உடலில் இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரை வடித்துச் செல்பவை நிணநீர்க் குழாய்கள். புழு அவற்றில் தங்கிப் பழுதாக்குவதால் நீர் காலிலேயே தேங்கிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை பெற்ற தாய்மார் சிலருக்குக் கை வீங்குவதும் இத்தகைய வடிகால் தடையினாலேயே.

இவ்வாறு நீர் தேங்கிய காலில் சிறு வெடிப்பு ஏற்பட்டாலும் கிருமிகள் எளிதில் புகுந்துவிடும். உடனே குளிர் காய்ச்சலும், தொடையிடுக்கில் நெறி கட்டுதலும், காலில் சிவப்பும் வலியும் உண்டாகும். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் வந்து போகும்போது வீக்கம் பெருகித் தோல் தடிக்கிறது. ஆகவே, காய்ச்சலைத் தடுத்தால் கால் மேலும் பருப்பதைத் தடுக்கலாம்.

கிருமி புகும் முக்கிய வாயில் விரலிடுக்குச் சேற்றுப்புண். "சேற்றில் இறங்காதே" என்று நடவுக்குச் செல்லும் பெண்ணிடம் சொல்வதில் பயனில்லை; அவள் கூலிக்கு யார் பொறுப்பு? வேலை முடிந்தவுடன் பம்பு செட்டின் நல்ல நீரில் சேற்றைக் கழுவிவிடச் சொல்லுவோம். வீடு திரும்பியதும் சோப்பிட்டு, விரலிடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் மெல்லத் தேய்த்துக் கழுவவேண்டும். பின்னர் மெல்லிய துணியால் ஈரம் சிறிதுமின்றி ஒற்றி எடுக்கவேண்டும். வெந்நீர் வேண்டாம், தண்ணீரே போதும். புண் இருந்தால் சுகாதார நிலையத்தில் களிம்பு பெற்றுத் தடவுக.

அடுத்தது பயிற்சி. அமர்ந்தபடியே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், கணுக்காலைச் சுழற்றுவதும் கெண்டைக்கால் தசையை ஏற்றம் போல் இயங்கச் செய்து நீரை மேலே தள்ளும். உறங்கும்போது காலைத் தலையணைமீது உயர்த்தி வைக்கலாம். பாதத்திலிருந்து முழங்கால் வரை துணிக்கட்டுக் கட்டுவதும் நன்மை தரும். ஆனால் சர்க்கரை நோயும் இரத்த ஓட்டக் குறைவும் உள்ளவர்களுக்கு அது தீங்காகலாம். எனவே மருத்துவர் பார்த்த பிறகே கட்டவேண்டும். காய்ச்சல் கண்ட நாட்களில் பயிற்சியும் கட்டும் கூடாது; ஈரத்துணியால் காலைக் குளிரச் செய்து, தாமதியாமல் மருத்துவரை நாடுக.

இதனால் கால் பழையபடி ஆகிவிடும் என்று நான் வாக்களிக்கவில்லை. காய்ச்சல் குறையும், நாற்றம் நீங்கும், வேலை நாட்கள் வீணாகா. ஒரு கூலிக் குடும்பத்துக்கு இது சிறிய லாபமன்று.

கிராமப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். தெருத்தெருவாகச் சென்று, புடவைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் காலை மறைத்து வாழ்வோரை அன்போடு அணுகிச் சுகாதார நிலையத்திற்கு அனுப்புங்கள். அவர்கள் வீட்டருகே நல்ல தண்ணீருக்கு வழி செய்யுங்கள். சாக்கடை தேங்காமல் பாருங்கள்.

தொடுவதால் இந்நோய் ஒட்டாது. ஆதலால், அவர்களைப் பந்தியிலிருந்தும் திருமணப் பேச்சிலிருந்தும் விலக்கி வைப்பதற்கு நியாயம் ஏதுமில்லை. இதனை உங்கள் வீடுகளிலும் எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.