காசு போட்டால் தீர்த்தம்

காசு போட்டால் ஆளில்லாமலே சாமான் தரும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 1,900 வருஷங்களுக்கு முன்பே அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ என்பவர் அதன் சூட்சுமத்தை எழுதி வைத்தார். அதில் வந்த சரக்கு என்ன தெரியுமா? கோவில் தீர்த்தம்! காசின் கனத்தால் நெம்புகோல் சாயும், அடைப்புத் திறக்கும், தண்ணீர் ஒழுகும். காசு வழுக்கி விழுந்ததும் மூடிக்கொள்ளும். தெய்வசக்தி குன்றிமணியளவும் இல்லை, பூசாரிக்கும் வேலையில்லை!

1880-களில் லண்டனில் பெர்சிவல் எவரிட் தபால் கார்டு விற்கும் பெட்டி வைத்தார். காசு போட்டு எடை பார்க்கும் யந்திரத்துக்குப் பேட்டண்டும் பெற்றார். பேட்டண்டு வேண்டுமென்றால் ரகசியத்தைப் படம் போட்டு எழுதிக் கொடுத்தாக வேண்டும். தவணை தீர்ந்தால், நம் நாட்டில் இன்று 20 வருஷம், எவனும் அதைச் செய்யலாம்.

நம் முத்துக்குளிப்பில் நடந்ததென்ன? சுறாவின் வாயைக் கட்டுகிறேன் என்ற கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தார்கள். இப்படிப்பட்ட மந்திரக்காரருக்கு 20-ல் ஒரு பங்கு போனதாக மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். மூச்சடக்கி மூழ்கியவன் உயிரைப் பணயம் வைத்தான். கரையில் முணுமுணுத்தவன் பங்கு வாங்கினான். மந்திரத்தை எழுதிக் கொடு என்றால் மட்டும் பரம ரகசியமாம்!

ரயிலடிகளில் நின்ற எடை யந்திரமும் சீட்டில் எடையோடு பலன் அச்சடித்துத் தந்ததே, பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். எடை சொல்ல உள்ளே வில்லும் பல்சக்கரமும் இருந்தன. பலன் சொல்ல என்ன இருந்தது? திறந்து பார்த்தவர் யாராவது இருந்தால் மேடைக்கு வாருங்கள்!