மாலை வகுப்பில் நான் படித்தது

(2022 ஜூன் மாதம் நம் டிரஸ்ட்டின் நோட்டுப் புத்தகம் வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த மாதம் 13ஆம் தேதி பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. நோட்டுகளைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடலாம். ஆனால் போன வருடம் நம் டிரஸ்ட் மாடியில் நடந்த மாலை வகுப்புக்கு நான் கணக்குச் சொல்லவேண்டும். பணக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், யாரும் பார்த்துக்கொள்ளலாம். நான் இப்போது சொல்லப்போவது வேறு கணக்கு. அதில் வரவு எனக்குத்தான் அதிகம்.

2020 மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. பதினைந்து நாள் என்று நினைத்தோம். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கதவு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. பத்தொன்பதரை மாதம்! மூடியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. நடுவில் இருந்த இரண்டாம் வகுப்பு எங்கே போனது? கல்வித் தொலைக்காட்சி வந்தது, வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. நம் வீடுகளில் போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று. அந்தப் போனும் காலையில் அத்தாவோடு வெளியே போய்விடும்.

அத்தாவுக்கும் வேலை இல்லாத காலம் அது. நம் ஊரில் பௌர்ணமி என்றால் எல்லா வீட்டுக்கும் சம்பள நாள் மாதிரி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்க வரும் கூட்டத்தை நம்பித்தான் ஆட்டோ ஓடுகிறது, பழவண்டி நிற்கிறது, டீக்கடை விடிய விடியத் திறந்திருக்கிறது. அதில் நம்மவர்களும் உண்டு, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் பௌர்ணமி கிரிவலம் நின்றுபோனபோது, எத்தனை வீட்டில் ஆட்டோவுக்கு டியூ கட்ட முடியவில்லை என்று ஜகாத் மனுக்களைப் படித்த எனக்குத் தெரியும்.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதலமைச்சர் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள், அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நம் மஹல்லாவின் பெண் பிள்ளைகள் சிலர் அதில் சேர்ந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நம் மாடியிலும் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே ஒரு வகுப்பு வைத்தோம். மூன்று பேர் பாடம் நடத்துவதாக ஏற்பாடு. அதில் ஒருவருக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. ஆள் கிடைக்கும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஆள் கிடைக்கவே இல்லை.

மதரஸாவில் ஓதியவன், கல்லூரியில் படித்தவன், இத்தனை வருடம் கூட்டங்களில் பேசுகிறவன். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதா கஷ்டம் என்று நினைத்தேன். ஒரு வாரம்கூட அந்த நினைப்பு தாங்கவில்லை.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். கரும்பலகையில் ‘படம்’ என்று எழுதி வாசிக்கச் சொன்னேன். விரலை வலது கோடியில் வைத்து அங்கிருந்து எழுத்துக் கூட்டினான். நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. மறுநாளும் அப்படியே. “நாலாங்கிளாஸ் வந்தும் எந்தப் பக்கம் ஆரம்பிக்கணும்னு தெரியலையா? உன் தம்பிகிட்ட போய்க் கத்துக்கிட்டு வா” என்றேன். அதற்கடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கும் அடுத்த நாளும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், மற்ற பிள்ளைகளுக்காவது நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். நினைத்ததை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

நம் வகுப்பின் ஆபா ஒருவர், என் மகள் வயதுதான் இருக்கும், தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். “மாமூ, தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்கூல் மூடியிருந்த நாளெல்லாம் அவன் நானிமாகிட்ட உட்கார்ந்து காயிதா முழுக்க ஓதிட்டான். இப்ப குர்ஆன் தொடங்கியாச்சு. அவன் கண்ணுக்குப் பழகின எழுத்து வலப்பக்கத்துலேர்ந்துதான் வருது. வீட்டுல பேச்சும் உருது. ரெண்டு வருஷமா தமிழ் எழுத்தை அவன் பார்க்கவே இல்ல.”

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. வலமிருந்து இடமாகவே பல வருடம் படித்தவன் நான். அந்தப் பையனின் விரல் ஏன் அங்கே போனது என்று அந்த மாடியில் முதலில் புரிந்திருக்க வேண்டியவன் நான்தான். மக்கு என்று முடிவு கட்டிய பிள்ளை, இரண்டு வருடத்தில் ஒரு மொழியின் எழுத்து முழுவதையும் கற்று முடித்திருக்கிறது!

அன்று இரவு ‘அபஸ’ சூராதான் ஞாபகத்துக்கு வந்தது. குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் முகம் சற்றே சுளித்ததற்காக அல்லாஹ் வஹீ இறக்கினான். அந்தச் சுளிப்பைப் பார்வையற்ற அந்த மனிதர் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் என் சிரிப்பை அந்தப் பையன் பார்த்தான், கேட்டான், அவனுடைய சிநேகிதர்களும் பார்த்தார்கள். இந்த சூராவை நான் எத்தனை பயானில் விளக்கியிருக்கிறேன்!

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, “அவன் மேல ஏதாவது புகாரா பாய்?” என்று பதறிக் கேட்டார்கள். டிரஸ்ட் செயலாளர் வீடு தேடி வந்தால் ஏழை வீட்டில் இப்படித்தான் பயப்படுகிறார்கள் என்பதையும் அன்றுதான் கவனித்தேன். பையனைக் கூப்பிட்டு, “நான் சிரிச்சது தப்புப்பா, மன்னிச்சுக்க” என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா?”

சொன்னேன். மறுநாள் மாலை, எல்லாப் பிள்ளைகள் முன்னாடியும் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு அது எளிதாக இருக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஆபா ஒரு வழி கண்டுபிடித்தார். உயிர்மெய் எழுத்தில்தான் பிள்ளைகள் திணறினார்கள். அவர் காயிதாவை எடுத்தார். காஃப் ஜபர் க, காஃப் ஜேர் கி, காஃப் பேஷ் கு என்று ஓதத் தெரியும் அல்லவா? அதையே பலகையில் க, கி, கு என்று தமிழில் எழுதினார். மேலே கோடு, கீழே கோடு என்று அங்கே இருப்பது, இங்கே கொம்பும் சுழியுமாக இருக்கிறது, அவ்வளவுதான். “இடப்பக்கத்துலேர்ந்து கிளம்பணும், அது மட்டும்தான் வித்தியாசம்” என்றார். உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பயிற்சி முகாமிலும் இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவருக்கு நான் செய்த உதவி, குறுக்கே பேசாமல் இருந்தது.

அந்தப் பையன் இப்போது நன்றாக வாசிக்கிறானா என்று கேட்பீர்கள். மெதுவாக வாசிக்கிறான். பத்திரிகைத் தலைப்பை வாசிக்கிறான், உள்ளே இருக்கும் செய்தியில் தடுமாறுகிறான். ஐந்தாம் வகுப்புக்கு அது போதாது. இந்த 13ஆம் தேதியே அரசாங்கம் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியிருக்கிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை வகுப்பைப் பார்த்து அல்ல, தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். நல்ல விஷயம். நாலு, அஞ்சு படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இந்த வருடமும் மாடிதான்.

மனிதர்களுக்குச் செய்யவேண்டிய நன்றியை அல்லாஹ்வுக்குச் செய்யும் நன்றியோடு சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே முதல் நன்றி நம் ஆபாக்கள் இருவருக்கும். பழைய பாட அட்டைகளைக் கேட்டதும் எடுத்துக்கொடுத்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியை அம்மாவுக்கு நன்றி. ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு, கஞ்சி காய்ச்சும் நேரத்திலும் பிள்ளைகளைக் கையைப் பிடித்து மாடிக்குக் கொண்டுவந்து விட்ட தாய்மார்களுக்கு நன்றி. பக்கத்துத் தெருவிலிருந்து நம் வகுப்புக்கு வந்த இந்துப் பிள்ளைகள் ஆறு பேர், நோன்பாளிகளின் முன்னால் தண்ணீர் குடிக்கக் கூச்சப்பட்டுக் கீழே போய்க் குடித்துவிட்டு வருவார்கள். இங்கேயே குடிங்கப்பா என்றாலும் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கும் நன்றி. சித்திரைப் பௌர்ணமிக்குக் கூட்டம் திரும்பி வந்த அன்று வகுப்பில் பாதிப் பேர் இல்லை; தண்ணீர் பாட்டில் விற்கப் போய்விட்டார்கள். அன்று நான் கோபப்படவில்லை. டிரஸ்ட் செயலாளரிடம் இதுவும் ஒரு மாற்றம் என்று என் வீட்டில் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் கடைசி வரிசையில் சுவரோரம் உட்காருவான். சத்தம் போடமாட்டான், கேள்வி கேட்கமாட்டான், எழுதச் சொன்னதை எழுதுவான். சின்னப் பிள்ளைகளின் பின்னால் ஓடிய நாங்கள், தொந்தரவு கொடுக்காத இவனிடம் பத்து வார்த்தை பேசியிருப்போமா என்பது சந்தேகம். பெருநாளுக்குப் பிறகு வரவில்லை. விசாரித்தால், பெங்களூரில் பை தைக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். பதிமூன்று வயது. பதினாலு வயது வரை படிப்பு அவனுடைய சட்டப்படியான உரிமை. அந்த வயதுப் பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது குற்றம். ஆனால் அவன் அத்தாவிடம் நான் சட்டம் பேசப் போகவில்லை. ஆட்டோ போய்விட்டது, கடன் இருக்கிறது. மாதம் எவ்வளவு அனுப்புகிறான் என்றும் சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டபோது, நம் டிரஸ்ட்டால் கொடுக்க முடியாத தொகையாக அது தெரியவில்லை.

பக்ரீதுக்கு ஊருக்கு வருவான் என்று அவன் தாயார் சொல்கிறார்கள். அதற்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அவனைச் சேர்க்க மாற்றுச் சான்றிதழை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ். அவன் அத்தாவைப் பார்க்க நான் தனியாகப் போனால் பழைய கதைதான் நடக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் அவரோடு நிற்பவர்கள் இங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்போது நோட்டுகள். சின்னப் பிள்ளைகள் முதலில் வரட்டும்.

வஸ்ஸலாம்.